மிச்சமான இரண்டு பெட்டி

செவ்வாய், மாலை 4.50.

மண்ணரைப் பகுதியில் ஒரு மாடி அறைக்குள் சப் இன்ஸ்பெக்டர் ஜெயபாரதி காலை வைத்ததும் செருப்பு தரையோடு ஒட்டிக்கொண்டது. ரத்தம். நாற்காலியோடு சரிந்து கிடந்தான் நித்தீஷ். வயது இருபத்தாறு. பக்கத்தில் ஐந்து கிலோ டம்பெல். ஒரே அடியில் உயிர் போயிருக்கும். ஆனால் அடித்தவன் ஏழெட்டு அடி அடித்திருந்தான். மண்டையின் இடது பக்கம் உருவமே இல்லை. சண்டாளப் பாவி, செத்த பிறகும் விடவில்லை!

மேஜைமேல் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரை நிறைய விண்வெளி. சின்னக் கப்பல் ஒன்று ஏதோ ஒரு நிலையத்தில் இறங்கி நின்றது. ஓரத்தில் எழுத்துகள்: 'மருந்துப் பெட்டி 40, ஒப்படைக்கப்பட்டது, 3.40. கப்பலில் இருப்பு: 2.'

ஜெயபாரதி அதைக் குறித்துக்கொண்டாள். குறித்ததோடு சரி, யோசிக்கவில்லை. அதற்காகப் பின்னால் தன்னையே திட்டிக்கொண்டாள்.

படிக்கட்டில் தமீம் உட்கார்ந்திருந்தான். செல்போன் ரிப்பேர் கடைக்காரன், நித்தீஷின் ஒரே சிநேகிதன். சட்டை முழுக்க ரத்தம். இன்ஸ்பெக்டர் கிட்டுசாமிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"எப்படா வந்தே?"

"நாலேகாலுக்குங்க சார். உசுரு இருக்குதான்னு தூக்கிப் பாத்தேனுங்க."

"மூணு நாப்பதுக்கு அவன் கேம் ஆடிருக்கான். கேம்லருந்து உன் போனுக்கே தகவல் வந்திருக்கு. நாலரைக்கு நீ போலீசுக்குப் போன் பண்றே. நடுவுல வந்தது யாரு, பேயா?"

"சார், அந்தக் கப்பல் தானாவே..."

முடிக்கவில்லை. கிட்டுசாமி அறைந்த அறையில் உதடு பிளந்து பல்லில் ரத்தம் வழிந்தது.

அப்போதுதான் நித்தீஷின் அக்கா கிருத்திகா, கணவன் வேல்குமாரோடு ஓடி வந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. வந்த வேகத்தில் தமீமின் தலைமயிரைப் பிடித்து உலுக்கினாள். "கேம் கேமுன்னு பழக்கி உட்டு என்ற தம்பியக் கொன்னுட்டியேடா! ஞாயித்துக்கிழமை இவருக்குக்கூட உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தானே, அத்தனை ஆசையா இருந்தானே!"

வேல்குமார் அவளை இழுத்து அணைத்துக்கொண்டான். பெரிய பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் பிரிவுக்கு இன்சார்ஜ். "மூணு மணிக்கு மேல நான் கம்பெனியில இருந்தனுங்க. இல்லாட்டி இவனைத் தடுத்திருப்பேன்" என்றான். கிருத்திகாவின் இடது கன்னம் வீங்கியிருந்தது. ஜெயபாரதி கேட்டதற்கு, "பாத்ரூம்ல வழுக்கிட்டேனுங்க" என்றாள்.

புதன், காலை 9.15.

மதியம் இரண்டு மணிக்குத் தமீமைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் கொலைக் கேஸ், ஜெயில், அவ்வளவுதான் அவன் வாழ்க்கை. டாக்டரோ நேரத்தை நறுக்கென்று சொல்லவில்லை. ஒன்றரைக்கும் நாலுக்கும் நடுவில் என்று கைகழுவிவிட்டார்.

ஜெயபாரதிக்கு மனசு ஒப்பவில்லை. நித்தீஷின் கம்ப்யூட்டரை ஸ்டேஷன் மேஜையில் வைக்கச் சொல்லி, தமீமை எதிரே உட்கார வைத்தாள்.

"எனக்கு இதைச் சொல்லிக் குடு. ஒண்ணாங்கிளாஸ் மாதிரி."

தமீம் வீங்கிய உதட்டோடு புதுக் கணக்கு ஒன்றைத் தொடங்கினான். ஓட்டைக் கப்பல் ஒன்று வந்தது. சுற்றிலும் லட்சம் நட்சத்திரம்.

"சரி, இப்ப என்ன பண்ணணும்?"

"என்ன வேணாலும் பண்ணலாமுங்க மேடம். அதான் இந்த கேமே. யாவாரம் பண்ணலாம், ஊர் சுத்தலாம், கொள்ளையடிக்கலாம்."

"போலீஸ் வேலை?"

"இருக்குதுங்க. சம்பளம் கம்மி."

அடி வாங்கியும் வாய் அடங்கவில்லை பாரேன் என்று நினைத்தபோது ஜெயபாரதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மொதல்ல எரிபொருள் பாக்கோணுமுங்க. மறந்தா நடுவழியில நிக்கும். அப்புறம் நிலையத்துப் பலகையில ஆர்டர் தேடோணும். கேட்ட சரக்க வாங்கி ஏத்தி, சொன்ன எடத்துல கொண்டுபோய் எறக்கோணும்."

அவள் ஒரு ஆர்டரை எடுத்தாள். இருபது பெட்டி உணவு. கை சந்தைப் பட்டியலுக்குப் போனது, எண்ணைத் தட்டியது, வாங்கியது.

"ஏனுங்க மேடம் இருபத்தொண்ணு?"

"என்ன?"

"கேட்டது இருபதுங்க. நீங்க இருபத்தொண்ணு வாங்கிட்டீங்க."

ஜெயபாரதி தன் விரலையே பார்த்தாள். போலீஸ் ஆவதற்கு முன் மூன்று வருஷம் பனியன் கம்பெனிக் கட்டிங் டேபிளில் நின்ற விரல். நூறு பீஸ் ஆர்டர் என்றால் நூற்றைந்து வெட்ட வேண்டும். தையலில் ஓட்டை விழும், அயர்னில் கருகும், செக்கிங்கில் கழியும். குறைந்தால் ஆர்டர் போச்சு. நூற்றுக்கு ஐந்து கூட வெட்டுவது அங்கே எவரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்துவிடும்.

"அங்க ரிஜெக்ட்டே கிடையாதுங்க மேடம். மிச்சம் சும்மா கப்பல்லயே கிடக்கும்."

அடச்சீ! நாற்பதுக்கு இருபதில் ஒரு பங்கு எவ்வளவு? இரண்டு! நித்தீஷ் கப்பலில் மிச்சம் கிடந்ததும் இரண்டு!

"நித்தீஷ் பழைய ஆர்டரெல்லாம் காட்டு. சீக்கிரம்."

பதினோரு ஆர்டர். எட்டுக்கு எட்டு. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்த்தவன். பனியன் கம்பெனி வாசலைக்கூட மிதிக்காதவன். நேற்று 1.50க்கு நாற்பது பெட்டி ஆர்டரை ஏற்றிருக்கிறான். 2.20க்கு வாங்கியது நாற்பத்திரண்டு. 2.25க்குக் கப்பல் கிளம்பியிருக்கிறது.

"மூணு நாப்பதுக்கு எறக்குனது யாரு?"

"யாருமில்லீங்க. எல்லாக் கப்பல்லயும் தானா ஓட்டற கருவி இருக்குதுங்க. பொத்தானை அமுக்கிட்டா அதுவே போய் எறங்கி, சரக்கையும் ஒப்படைச்சிரும். நேத்து இதைச் சொல்ல வந்தப்பதானுங்க அடி விழுந்துச்சு."

"ரெண்டு இருபதுக்கு நீ எங்கே?"

"கடையிலங்க. கேமரா இருக்குது."

ஜெயபாரதி இரண்டு போன் செய்தாள். கடைக் கேமராவில் தமீம் இருந்தான். வேல்குமாரின் கம்பெனி கேட் நோட்டில் இப்படி இருந்தது: வெளியே 1.35, உள்ளே 2.50. மூன்று நாற்பதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டார்கள். இரண்டு மணியைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை.

காலை 11.00.

வேல்குமாரும் கிருத்திகாவும் வந்தார்கள். ஜெயபாரதி மளமளவென்று சொல்லி முடித்தாள். "மூணு நாப்பதுக்கு அவன் உசுரோட ஆடுன மாதிரி காட்டறதுக்கு, அவன் செத்த பிறகு சரக்கு வாங்கினது உன் கை. அஞ்சு பர்சென்ட் கூட வாங்கினே, வேல்குமார். உனக்கே தெரியாம."

"கட்டிங் தெரிஞ்சவன் இந்த ஊர்ல லட்சம் பேருங்க."

"நித்தீஷ் ரூம்ல உக்காந்து இந்தக் கேம் பழகுன கட்டிங்காரன் ஒருத்தன்தான். ரெண்டு மணிக்கு எங்கே இருந்தே?"

"மெஸ்ஸுலங்க. சாப்பிட்டேன்."

"இல்லீங்க" என்றது ஒரு குரல்.

கிருத்திகாதான். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தே பேசினாள். "ரெண்டரைக்கு ஊட்டுக்கு வந்து சட்டை மாத்துனீங்க. நாந்தான் ஊறப் போட்டேன். தண்ணி செவந்துச்சு. சாயம் பட்டுருச்சுன்னு சொன்னீங்க. இன்னும் அந்த வாளியிலதான் கிடக்குது."

வேல்குமார் ஒரே தாவில் அவள் கழுத்தைப் பிடித்தான். மேஜை விளிம்பில் அவள் நெற்றியை மோதினான். "உன்ற தம்பி உன்னைய உடுமலைப் பெரியம்மா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவானாமா! என்ற பொண்டாட்டிய நான் அடிப்பேன், கொல்லுவேன், அவன் யாருடி கேக்கறதுக்கு?" மறுபடி மோதுவதற்குள் ஜெயபாரதியின் லத்தி அவன் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. இரண்டாவது அடியில் மண்டியிட்டான்.

விலங்கு தமீம் கையிலிருந்து வேல்குமார் கைக்கு மாறியது. அவனை உள்ளே இழுத்துப் போனார்கள்.

நெற்றி ரத்தம் கண்ணில் வழிய, கிருத்திகா தமீம் முன்னால் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்டுக் கைகூப்பினாள்.

"அக்கா, உக்காருங்கக்கா" என்றான் தமீம்.

அவள் உட்காரவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நேத்து அழுதுட்டே இருந்தாருன்னு, இந்தக் கையிலதான் தம்பி அந்த ஆளுக்குச் சோறு ஊட்டி உட்டேன்."