லேபிளுக்கு அடியில்

லேபிளின் ஓரம் தடித்திருந்தது. வேறு யார் கண்ணிலும் அது பட்டிருக்காது. பட்டிருந்தாலும், பழைய வீடியோ கேம் கேசட்டின் மேல் ஒட்டிய காகிதம் ஒரு நூல் தடித்தால் என்ன, இளைத்தால் என்ன என்று தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அவரால் அப்படி முடியவில்லை. பகலெல்லாம் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற மனிதர், வீட்டுக்கு வந்ததும் இன்னொரு லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு கேசட் லேபிள்களை ஆராய உட்கார்ந்துவிடுவார். கேசட் சேகரிக்கும் கூட்டத்தில் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்றே பெயர்.

சேகரிப்பது ஒரே ஒரு விளையாட்டின் கேசட்டைத்தான். ஆனால் ஒன்றில் ஓரக்கோடு சிவப்பு, இன்னொன்றில் ஆரஞ்சு. ஒன்றில் கம்பெனி முத்திரை வலப்பக்கம், மற்றொன்றில் இடப்பக்கம். அச்சகம் மாறினால் மை மாறும், மூலை வெட்டும் மாறும். அந்த மாற்றங்களுக்காகத்தான் தேடித் தேடி வாங்கினார். விளையாடிப் பார்த்ததே கிடையாது. "அலமாரி முழுக்க ஒரே படம். உங்களுக்கென்ன கிறுக்கா?" என்று மனைவி கேட்பாள். கிறுக்குதான் என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டு அடுத்த பார்சலுக்குக் காத்திருப்பார்.

படம் ஒன்றும் பிரமாதமில்லை. கொட்டும் மழையில் ஒரு வீடு, மூடிய கதவு. எந்த அச்சகம் அடித்த லேபிளிலும் கதவு மூடித்தான் இருக்கும்.

அன்று சாயங்காலம் மனைவி மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போதே மழை பிடித்துவிட்டது. குடையை விரித்துக்கொண்டே, "சிட்டுவ ஒத்தையில விட்டுட்டு அந்த ரூமுக்குள்ளயே கெடக்காதீங்க. வாசக்கதவு தெறந்திருந்தா தெருவுக்கு ஓடிடுவா. போன தடவ எப்படிப் பதறினோம்னு ஞாபகம் இருக்கில்ல?" என்றாள்.

"நீ போய்ட்டு வா. நான் பாத்துக்கமாட்டேனா?"

மேல்தாழ்ப்பாளைப் போட்டார். எம்பிக் குதித்தாலும் ஐந்து வயசு மகளுக்கு அது எட்டாது. சிட்டு ஹாலில் பந்தைச் சுவரில் அடித்து விளையாட ஆரம்பித்தாள். டொப், டொப் என்ற அந்தச் சத்தம் காதில் விழும்வரை கவலையில்லை என்று அறைக்குள் போய் விளக்கைப் போட்டார்.

கேசட்டைச் சாய்த்துப் பிடித்து லென்ஸில் பார்த்தார். ஓரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகக் காகித விளிம்புகள். உடனே நண்பனுக்குப் போன் போட்டார். பழைய விளையாட்டுகளின் அட்டைப் பெட்டிகளைச் சேர்ப்பவன் என்பதால் அவனுக்கு 'டப்பா' என்று பெயர்.

"ஓரம் தடிச்சிருக்குடா."

"அப்படின்னா மேலொட்டு, மாப்ள! கம்பெனிக்காரன் பழைய லேபிள் மேலயே புதுச ஒட்டி அனுப்பியிருப்பான். அடியில இருக்கிறத இதுவரைக்கும் ஒருத்தனும் பாத்திருக்க மாட்டான்."

"லேபிள்ல கை வைக்கக் கூடாதுன்னு நீதானடா எல்லாருக்கும் பாடம் எடுப்ப?"

"உன்கிட்ட அதே படம் அலமாரி நெறையக் கெடக்கு. ஒண்ணு போனா குடியா முழுகிடும்? பிரிடா!"

பிரித்தார். ஹேர் டிரையரின் சூட்டுக்காற்றை மெல்லக் காட்டி, மூலையை இடுக்கியால் கிளப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்கு நகம் வெட்டுகிற பதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தபோது, சூடான பசையிலிருந்து புளித்த மாவு வாடை எழுந்து மூக்கில் ஏறியது. கம்பெனிப் பசைக்கு இந்த வாடை வராதே என்று தோன்றியது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அடியில் இருந்த லேபிள் அதற்குள் வெளியே வந்துவிட்டது.

அதே வீடு, அதே மழை. கதவு மட்டும் விரலளவு திறந்திருந்தது.

அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. உலகத்தில் யாரிடமும் இல்லாத லேபிள்! மேல் லேபிளைக் கிழியாமல் கண்ணாடித் தட்டில் வைத்துவிட்டு ஹேர் டிரையரை அணைத்தார். அப்போதுதான் பந்துச் சத்தம் நின்றிருப்பது தெரிந்தது. தரையோடு ஈரக்காற்று வந்து காலைத் தொட்டது.

"அப்பா, கதவு தெறந்திருக்கு."

எழுந்து போய்ப் பார்த்தார். தாழ்ப்பாள் கீழே இறங்கியிருந்தது. கதவு விரலளவு விலகி, அந்த இடைவெளியில் மழையின் இரைச்சல் உள்ளே வந்துகொண்டிருந்தது. நாம்தான் சரியாகப் போடவில்லை போலிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு, தாழ்ப்பாளை அழுத்திப் போட்டு, இரண்டு முறை இழுத்தும் பார்த்தார். சிட்டுவின் தலையைத் தடவிவிட்டுத் திரும்பினார்.

அறைக்கு வந்தால், இரண்டாவது லேபிளின் மூலையும் கிளம்பியிருந்தது. அடியில் இன்னொன்றா! பாவி மனுஷன், அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கை அரித்தது. மறுபடியும் டிரையர், மறுபடியும் இடுக்கி, மறுபடியும் அந்தப் புளித்த வாடை. மூன்றாவது லேபிளில் கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே ஒரே இருட்டு. வாசற்படியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. லென்ஸை நெருக்கமாகக் கொண்டுபோனார். கால்விரல்கள். சின்னக் குழந்தையின் கால்விரல்கள்.

"அப்பா, வாசல்ல ஒரு பொண்ணு நிக்கிது."

"ம்."

"நனையுதுப்பா."

"ம்."

"உள்ள வரலாமான்னு கேக்குது."

அச்சடித்தவன் எதற்காக வெறும் விரல்களை மட்டும் வரைந்தான் என்ற யோசனையிலேயே, கண்ணை எடுக்காமல், "வரச் சொல்லு" என்றார்.

மூன்றாவது லேபிள் தானாகவே சுருண்டு கழன்றது. அவர் அதைத் தொடக்கூட இல்லை.

அடியில், கதவு அகலத் திறந்திருந்தது. வாசற்படியில் யாரும் இல்லை. படியிலிருந்து லேபிளின் ஓரம்வரை ஈரக் காலடிகள். ஓரத்தோடு அவை நின்றுபோயிருந்தன.

நாம் இப்போது என்ன சொன்னோம்?

உரித்த லேபிள்களைத் திருப்பிப் பார்த்தார். பசை முழுக்கக் கட்டைவிரல் ரேகைகள். அகலமானது, மெலிந்தது, நடுங்கி வழுக்கியது. கம்பெனி ஒட்டியது இல்லை. யார் யாரோ, எந்தெந்த வீட்டிலோ உட்கார்ந்து, மாவைக் காய்ச்சி, லேபிள் மேல் லேபிளாக ஒட்டி, கதவை மூடி மூடி வைத்திருக்கிறார்கள். அதைத்தான் அவர் உரித்து எடுத்திருக்கிறார்.

"சிட்டு!"



ஹாலுக்கு ஓடினார். வாசற்கதவு அகலத் திறந்து கிடந்தது. மழைச்சாரல் உள்ளே அடித்தது. தரையில் ஈரக் காலடிகள். சின்னவை. எல்லாம் உள்ளே வருபவை. சோபாவுக்குப் பின்னால், இருட்டில், ஏதோ மூச்சு விட்டது.

அவருக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. அறைக்குப் பாய்ந்தார். கோந்து. மேல் லேபிள், மூடிய கதவு. வைத்தார். கோணலாகிவிட்டது. பரவாயில்லை. கட்டைவிரலால் அழுத்தினார். இன்னும் அழுத்தினார். மூடு. மூடித் தொலை.

ஹாலில் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் தானாக ஏறும் சத்தம் கேட்டது. பிறகு நிசப்தம்.

"அப்பா."

ஹாலின் நடுவில் சிட்டு நின்றுகொண்டிருந்தாள். தலையெல்லாம் ஈரம். காலடிகள் எங்கேயும் இல்லை. சோபாவுக்குப் பின்னாலும் யாரும் இல்லை. வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். பயம் மொத்தமும் அழுகையாக வந்தது. "எங்கடி போன? உசிரே போயிடுச்சுடி எனக்கு" என்று அவள் தோளில் முகத்தைப் புதைத்து அழுதார். அவள் கைகளை அவர் கழுத்தில் போட்டுக்கொண்டாள். சில்லென்றிருந்தன.

புளித்த மாவு வாடை அடித்தது.

டொப், டொப்.

பந்து இல்லை. கதவை ஒட்டி, தரைவரைக்கும் பதித்திருந்த கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். தாழ்வாக. வெளியிலிருந்து.

அவர் திரும்பினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மழையில், சிட்டு. கன்னம் கண்ணாடியில் அழுந்தியிருந்தது. உதடு நீலம் பாரித்து நடுங்கியது. இரண்டு உள்ளங்கைகளாலும் அடித்துக்கொண்டிருந்தவள், அவரைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"அப்பா... யாரப்பா தூக்கி வச்சிருக்க?"

தாழ்ப்பாளுக்குக் கையை நீட்டினார். எட்டவில்லை. கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் இறுகின. அடி எடுத்து வைக்க முடியவில்லை. மூச்சு வரவில்லை.

அவர் இடுப்பில் இருந்தது மெல்லத் தலையைத் திருப்பி, கண்ணாடியைப் பார்த்து, ஈரக் கையை ஆட்டி டாட்டா காட்டியது.