மதிலுக்கு இந்தப் பக்கம்

காலை ஏழு மணிக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அடுக்குச் செம்பருத்தி முழுக்கப் பூத்திருந்தது, அத்தனை பூவும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் அடித்ததோ மதிலுக்கு அந்தப் பக்கம். செடி என்றால் வெயிலைப் பார்க்க வேண்டும். இது வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நிழல் விழுந்த சமையலறை ஜன்னலை நோக்கி ஒரு பூ பாக்கியில்லாமல் திரும்பி நின்றது. கவாத்து பண்ணி ஆறே நாள்தான். வெட்டிய கிளை பூக்க இரண்டு மாதமாவது ஆகும் என்பது ஒன்பது வருஷமாக நர்சரியில் செடி வெட்டுகிறவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். "நல்லா வேணும்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

வேண்டியது ஓரகத்திக்கு. புருஷனுடைய அண்ணன் மனைவி, மதிலுக்கு அந்தப் பக்கத்து வீடு. செடியை வாங்கி வந்தவள் இவள், குழி தோண்டியவள் இவள், எரு போட்டவள் இவள். பூப்பது மட்டும் அந்தப் பக்கம். மதிலேறிக் குதிக்காத குறையாகக் கிளையெல்லாம் அங்கே போய்க் குலுங்கும். "உன் செடி எங்க வீட்ல எப்படிப் பூத்திருக்கு பாரு" என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்லும்போது இவளுக்கு வயிறு எரியும்.

பூவுக்காக யாராவது வயிறெரிவார்களா? பிள்ளைக்காக எரிந்தாள். ஆறு வயசுக் குட்டி. அம்மா வேலைக்குப் போனதும் பெரியம்மா வீட்டுக்கு ஓடும். சாயங்காலம் பெரியம்மா பின்னிய இரட்டைச் சடையும் பெரியம்மா சோப்பு வாசனையுமாகத் திரும்பி வரும். அப்போதும் மதில் பக்கமே காது. ஓரகத்திக்குப் பிள்ளை இல்லை, பாவம், என்று முதல் இரண்டு வருஷம் விட்டுக்கொடுத்தாள். போன வாரம் ஜுரத்தில் குட்டி முனகியது, "பெரியம்மா... பெரியம்மா..." நெற்றியில் ஈரத்துணியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பெற்றவள். அன்றைக்குப் பாவமெல்லாம் பறந்துவிட்டது. பொறாமைதான், அதற்கு வேறு பெயர் எதற்கு வைக்க வேண்டும்?

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமைதான் கத்தரியை எடுத்தாள். கவாத்தில் ஒரு கணக்கு உண்டு. கிளையில் கணுவுக்குக் கணு முளை இருக்கும். எந்த முளைக்கு மேலே வெட்டுகிறோமோ, அது பார்க்கிற பக்கம்தான் புதுக்கிளை போகும். அதனால் நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் முளை விட்டு, சரிந்த வாக்கில் வெட்ட வேண்டும். ஒரு பக்கத்தை மொத்தமாக வழித்தால் செடி செத்துப் போகும், இல்லாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். நர்சரிக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பவள் இவள்தான்.

அன்றைக்கு அவள் மதிலைப் பார்த்த முளை ஒன்றைக்கூட விடவில்லை. வெட்ட முடியாததை நகத்தால் கிள்ளினாள். பச்சை வாசனை, விரலெல்லாம் வழவழவென்று சாறு.

பின்னால் குட்டி வந்து நின்றிருந்தது. "செடிக்கு வலிக்காதாம்மா?"

"வலிக்காது."

"இனிமே அது எந்தப் பக்கம் பாக்கும்?"

"அம்மா பக்கம் மட்டும்தான் பாக்கும்" என்றாள். கிள்ளிய முளையைத் தரையில் போட்டு மிதித்தாள். "வேற பக்கம் திரும்பவே கூடாது."

குட்டி தலையை ஆட்டியது.

அடுத்த நாளிலிருந்து குட்டி பெரியம்மா வீட்டுக்குப் போகவில்லை. பள்ளிக்கூடம் லீவு. இவளும் நர்சரிக்கு லீவு சொல்லிவிட்டாள். புதன்கிழமை ஓரகத்தி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "குட்டிக்கு என்ன, என்மேல கோவமா? ஆளையே காணோம்."

"அவளுக்கே வர இஷ்டமில்லக்கா. நான் என்ன பண்ண?" என்று இவள் துணி உதறினாள். ஓரகத்தியின் முகம் வாடியதைப் பார்த்து அப்படி ஒரு நிம்மதி. புருஷன்கூடக் கிண்டல் பண்ணினான். "இவ்வளவு நாள் பெரியம்மா வாலு. இப்ப உன் வாலா?"

வால்தான். சமையலறையில் நின்றால் வாசற்படியில் குட்டி, துணி காயப்போட்டால் கொடிக்குக் கீழே குட்டி. விளையாடாது, பேசாது, பார்த்துக்கொண்டிருக்கும். முதலில் அதுவும் நன்றாகத்தான் இருந்தது. பூத்த அன்றைக்கு, அந்த சனிக்கிழமை, குளித்துவிட்டுக் கதவைத் திறந்தாள். கதவிலிருந்து ஒரு சாண் தூரத்தில் குட்டியின் முகம். மூக்கு நுனியில் கதவுப் பெயின்ட் ஒட்டியிருந்தது. குளிக்கிற நேரமெல்லாம் பிள்ளை இப்படியே நின்றிருக்கிறது.

"டிவி பாரேன்டா கண்ணு."

"உன்னைப் பாக்கறேன்ம்மா."

சாயங்காலம் செம்பருத்தி சுருளவில்லை. ஒரு நாள் பூ அது, பொழுது சாய்ந்தால் சுருண்டுவிடும். விளக்கு வைத்த பிறகும் விரிந்தே இருந்தது. ஜன்னலைச் சாத்தினாள். சாத்திய கண்ணாடியில் ஏதோ மெல்ல உரசுகிற சத்தம் கேட்டது. காற்று இல்லை. அவள் அடுப்பிலிருந்து அலமாரிக்கு நகர்ந்தாள், சத்தமும் நகர்ந்தது. திரும்ப அடுப்புக்கு வந்தாள். சத்தமும் வந்தது. வாசற்படியில் குட்டி இமைக்காமல் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலை தலை பின்னக் கூப்பிட்டாள். சீப்போடு பின்னால் போய் உட்கார்ந்தால், குட்டி இவள் பக்கம் திரும்பிவிட்டது. மறுபடி பின்னால் போனாள். மறுபடி திரும்பியது.

"திரும்பி உக்காரு. அம்மா சடை பின்ன வேண்டாமா?"

"முடியலம்மா."

"விளையாடாத."

"திரும்ப வரலம்மா."

குரலில் அழுகை இல்லை. அதுதான் அவளைக் கலக்கியது. பிள்ளையை மடியோடு அணைத்து, கையைச் சுற்றி விட்டுப் பின்கழுத்தைத் தடவினாள். முடிக்குக் கீழே ஏதோ தட்டுப்பட்டது. கெட்டியாக. சரிந்த வாக்கில். வழவழவென்று, காய்ந்து ஆறிப்போன வெட்டு. அதற்கு ஒரு விரற்கடைக்குக் கீழே இன்னொன்று. முதுகுத்தண்டு நெடுக, ஒரே அளவாக, ஒவ்வொன்றாக அவள் விரல் இறங்கிக்கொண்டே போனது. அவளுக்குத் தன் கை வெட்டு தெரியும். ஒன்பது வருஷத்துக் கை.

"வலிக்குதா?"

"வலிக்காதுன்னு நீதானே சொன்ன."

ஞாயிற்றுக்கிழமையும் புருஷன் வேலைக்குப் போயிருந்தான். யாரைக் கூப்பிடுவது? தெரிந்த ஒரே பெயர்தான் வாயில் வந்தது. மதிலோரம் ஓடினாள். "அக்கா, அக்கா, கொஞ்சம் வாங்களேன்." மானம் ரோஷம் எல்லாம் போயிற்று. பிள்ளை மறுபடி அங்கேயே கிடக்கட்டும், அவளையே அம்மா என்று கூப்பிடட்டும், திரும்பினால் போதும்.

ஓரகத்தி ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். "என்னம்மா, முகமெல்லாம் வெளுத்திருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. குட்டியக் கூட்டிட்டுப் போங்க. உங்ககூடவே இருக்கட்டும். இனிமே நான் எதுவும் சொல்ல மாட்டேன், சத்தியமா."

ஓரகத்திக்குக் கண் கலங்கிவிட்டது. "அடி பைத்தியம், இதுக்குப் போயா அழற?" என்றாள். "வாடா தங்கம், பெரியம்மாகிட்ட வா." குட்டியின் கையைப் பிடித்தாள். குட்டி மறுக்கவில்லை. எழுந்தது. நடந்தது. ஓரகத்தி சந்தோஷத்தில் ஏதேதோ பேசிக்கொண்டே முன்னால் போனாள், தலையைத் தூக்கி, வாசலைப் பார்த்து.

இவள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு எட்டு. மூன்று. பச்சைக் கொம்பை முறுக்கினால் பட்டை விடாமல் நார் நாராக நெரியுமே, அந்தச் சத்தம் மெதுவாகக் கேட்டது. ஓரகத்திக்குக் கேட்கவில்லை. பேசிக்கொண்டிருந்தாள்.

நான்கு எட்டு.

சத்தம் நின்றது.

கேட்டைத் தாண்டி வெயிலில் போய்க்கொண்டிருந்தது குட்டி. சின்னக் கால்கள் தெருவைப் பார்த்து நடந்தன. கவுனின் முதுகுப் பக்கம், வரிசையாகப் போட்ட பொத்தான்கள். மேல் பொத்தானுக்கு நேர் மேலே குட்டியின் முகம். இமைக்காமல், இவளைப் பார்த்து, சிரித்துக்கொண்டே.