வெள்ளக்கோட்டுக்கு மேலே ஒரு கோடு

"நில்லுங்க... அதுல கை வைக்காதீங்க."

பெயிண்டர் திரும்பிப் பார்த்தான். கையில் அளவு டேப், கக்கத்தில் நோட்டு, மூச்சிரைக்க ஒரு பெண். அவன் என்ன ஏது என்று கேட்பதற்குள் சுவருக்கும் அவனுக்கும் நடுவில் வந்து, இரண்டு கைகளையும் விரித்துச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"என்ன பண்றீங்க?" என்று அதட்டினாள்.

"பல் விளக்கிட்டிருக்கேன். நீங்க என்ன பண்றீங்க?"

"இந்தக் கோட்டைக் காப்பாத்துறேன்."

அப்போதுதான் அவன் அந்தக் கண்களைப் பார்த்தான். பெரிய கண்கள்... கோபத்தில் இன்னும் பெரிதாகி, அவன் கையில் இருந்த பிரஷ் எதற்கு என்பதே மறந்துபோகிற மாதிரி. மறந்துதான் போனான். பெயிண்ட் சொட்டுச் சொட்டாக, தரையில் நழுவியிருந்த அவள் நோட்டில் விழுந்தது.

"மேடம், கோட்டைக் காப்பாத்திட்டீங்க. தலைமுடியைத்தான் விட்டுட்டீங்க. மேல ஈரப் பெயிண்ட்."

அவள் பதறி விலகினாள். பின்னந்தலையில் இளநீலம் அப்பியிருந்தது.

அவள் அந்த ஊர் நூலகத்தில் வேலை செய்பவள். ஊர் இதுவரை கண்ட புயல், வெள்ளம், ஆற்றை நடந்தே கடந்த வறட்சி, ஓடுகளை நொறுக்கிய ஆலங்கட்டி மழை என்று எல்லாவற்றையும் புத்தகமாகத் தொகுத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன் வந்த பெருவெள்ளம் எவ்வளவு உயரம் நின்றது என்பதற்கு ஊரில் மிச்சமிருந்த சாட்சி, இந்த சைக்கிள் கடைச் சுவரில் இருந்த கறுப்புக் கோடு ஒன்றுதான்.

"மத்த வீட்டுக் கோடெல்லாம் எங்க போச்சு தெரியுமா?"

"தெரியும். பாதி நான் அழிச்சதுதான். வெள்ளம் வந்த வீடுன்னா யாரும் குடிவர மாட்டாங்களாம். வீட்டுக்காரங்க சொன்னா நான் என்ன பண்ண?"

"வெட்கமா இல்ல?"

"இப்பத்தான் கொஞ்சமா ஆரம்பிக்குது..." என்றான், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவள் தரையில் இருந்து டேப்பைப் பிடித்தாள். நாலடி இரண்டங்குலம். எழுதிக்கொண்டாள். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கோட்டைத்தான் பார்த்தேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். யார் கேட்டார்கள்?

மறுநாளும் வந்தாள். சரிபார்க்க வேண்டுமாம். அடுத்த வாரமும் வந்தாள், மழையில் குடையோடு. சுவர் முழுக்க இளநீலம் ஏறியிருந்தது, கோட்டை ஒட்டி ஒரு சாண் அகலம் மட்டும் பழையபடி. கடைக்காரர் வாசலில் உட்கார்ந்து, "தம்பி, சுவர் முடியறதுக்குள்ள என் சைக்கிள் எல்லாம் துருப்பிடிச்சிடும் போலிருக்கு," என்று முனகிக்கொண்டிருந்தார்.

அவன் குடைக்குள் எட்டி நோட்டைப் பார்த்தான். சிரிப்பு மறைந்தது.

"இந்த அளவு தப்புங்க."

"என்னது?"

"கோட்டைப் போட்டது எங்கப்பா. தலைக்கு மேல கையத் தூக்கித்தான் போட்டேன்னு சொல்வாரு. இப்ப உங்க தோள் அளவுக்குத்தான் இருக்கு. எங்கப்பா அவ்வளவு குள்ளமில்ல." கடை வாசலைக் காட்டினான். "இங்க அஞ்சு படி இருந்துச்சு. ரோடு போட்டுப் போட்டு மூணு படி உள்ள போயிடுச்சு. படிக்கு ஒன்பது அங்குலம். ரெண்டே காலடி உசந்த ரோட்டு மேல நின்னு அளந்திருக்கீங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. ஒன்றரை வருட உழைப்பு. போன வாரம்தான் அட்டவணை நகர அலுவலகத்துக்குப் போயிருந்தது. அதை நம்பித்தான் பள்ளி மைதானத்தில் வெள்ளக்கால முகாம் கட்டப்போகிறார்கள், தரைமட்டம் ஐந்தடி உயரத்தில். அதில் போய் இவன்...

"நீங்க பெயிண்ட் அடிக்கிற வேலையை மட்டும் பாருங்க."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவன் பிரஷை டப்பாவில் வைத்துவிட்டு ஏணியை மடக்கத் தொடங்கினான். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

நூலகத்துக்கு வந்ததும் பழைய புகைப்படப் பெட்டியைக் கொட்டினாள். அவன் சொன்னது பொய் என்று காட்டிவிடும் வேகம். ஐம்பதாவதோ அறுபதாவதோ படத்தில் கை நின்றது.

அதே சைக்கிள் கடை. வாசலில் சேறு படிந்த ஐந்து படிகள்... எண்ணினாள், மறுபடி எண்ணினாள். பக்கத்தில் ஒரு மனிதர் தலைக்கு மேல் கையைத் தூக்கி, எம்பி, சுவரில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கேமராவைப் பார்த்துத் திரும்பிய கண்களில் அடக்கிய சிரிப்பு. அந்தக் கண்களை அவளுக்குத் தெரியும்.

பள்ளி மைதானத்தை யாரும் உயர்த்தவில்லை. பழைய தரையளவிலேயே இருக்கும் அங்கே, அன்றைய வெள்ளம் மறுபடி வந்தால் தண்ணீர் ஆறடி ஐந்தங்குலம் நிற்கும். ஐந்தடித் தரையில் தஞ்சம் புகுந்தவர்கள் முழங்காலளவு தண்ணீரில்... கைக்குழந்தைகளோடு.

மறுநாள் காலை நகர அலுவலகக் கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்றாள். "என் அளவு தப்பு. ரோட்டுல இருந்து அளந்துட்டேன்," என்று படத்தை நீட்டினாள். பொறியாளர் வெகுநேரம் படிகளையே பார்த்தார். பிறகு ஐந்தை அடித்துவிட்டு ஏழரை என்று எழுதினார்.

"இதை யார் கண்டுபிடிச்சாங்க?"

"ஒரு பெயிண்டர்." அதைச் சொல்லும்போது அவள் குரல் நிமிர்ந்திருந்தது.

வெளியே நல்ல மழை. குடையை அங்கேயே மறந்துவிட்டு ஓடினாள்.

கடைத் தாழ்வாரத்தில் அவன் பிரஷ்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். சுவர் வேலை முடிந்திருந்தது. கறுப்புக் கோட்டைச் சுற்றி வெள்ளைச் சட்டம் போட்டு, கீழே வருடம் எழுதி, 'பழைய தரையிலிருந்து ஆறடி ஐந்தங்குலம்' என்று அழகாக எழுதியிருந்தான்.

"மாத்திட்டாங்க," என்றாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "ஏழரை அடி. புத்தகத்துல உங்க பேரும் அப்பா பேரும் வரும். நான் நேத்துப் பேசினது... மன்னிச்சிடுங்க. அந்த அளவை விடப் பெரிய தப்பு அதுதான்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். மறுபடி பிரஷைத் துடைக்கத் தொடங்கினான். அவளுக்கு அழுகை வந்தது. பார்வையைத் திருப்பியபோதுதான் கண்ணில் பட்டது. சட்டத்துக்கு மேலே, வழவழப்பான இளநீலத்தில், ஓரிடத்தில் மட்டும் ஈரத்தில் கலைந்த தேய்ப்பு. முடியிழைகள் பதிந்த மெல்லிய கோடுகள்...

"இதை ஏன் சரி பண்ணல?"

"அது முதல் நாள் நீங்க சாய்ஞ்ச இடம்." அவன் காது சிவந்தது. "நாலு தடவை பிரஷை எடுத்தேன். ஊர்ல எத்தனையோ கோட்டை அழிச்சவன்தான்... இதை அழிக்க மனசு வரல. உங்களைப் பிடிச்சுப் போச்சுங்க."

அவள் டேப்பை எடுத்து ஒரு முனையை அவன் கையில் கொடுத்தாள்.

"அளந்து சொல்லுங்க."

அவன் குனிந்து, நிமிர்ந்து அளந்தான். "ரோட்டுல இருந்து சரியா அஞ்சடி. பழைய தரையில இருந்துன்னா... ஏழடி மூணு அங்குலம்."

"அவ்வளவு உசரமான பொண்ணை எங்க வீட்ல வந்து கேட்பீங்களா?"

"ஏணி வச்சிருக்கேங்க," என்றான் அவன்.