தேடாதே என்றது பாட்டு

குட்டியின் இடது கால் ஷூவைக் காணவில்லை. வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்தே காணவில்லை. வலது கால் ஷூ மட்டும் வாசலில் தனியாக நின்றுகொண்டிருந்தது.

குட்டிக்கு ஐந்து வயது. அவனுடைய அக்காவுக்குப் பத்து. வாயைத் திறந்தால் படபடவென்று பொரிந்து தள்ளுவதால் அவளைப் பட்டாசு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

பட்டாசுக்கு ஷூவைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. சனிக்கிழமை நூலக அரங்கில் அப்பா பாட வேண்டும். அம்மா ஆர்மோனியம், சித்தப்பா தபேலா, பட்டாசு கைதட்டித் தாளம். காலியான தபேலாப் பைக்குள் புகுந்து உட்கார்ந்து ஒத்திகை கேட்பது குட்டியின் வேலை.

அப்பா தையல்காரர். யாரோ ஒரு சூஃபி ஞானி எழுதிய பழைய பாட்டுக்கு, தையல் மிஷினை மிதித்தபடியே மெட்டுப் போட்டிருந்தார். இறைவனைத் தோழனாக நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியான பாட்டு.

தேடாதே இருந்தேன், நீ தேடி வந்தாய் என்னை.
பாடாதே இருந்தேன், நீ பாட வைத்தாய் என்னை.

போன வருஷம் ஒரு கூட்டத்தில் இதைப் பாடியபோது, அப்பா "பாடாதே" என்று இழுத்து நிறுத்தினார். தபேலா தடதடவென்று முழங்கியது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "அதான் பாட்டே சொல்லுதே, நிறுத்திடுங்க" என்றார். கூட்டமே சிரித்தது. அப்பா பாதியிலேயே இறங்கிவிட்டார்.

"இந்தத் தடவையும் சிரிச்சாங்கன்னா மேடையே வேணாம். மிஷினுக்கு மட்டும் பாடிக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். அதை நினைத்தாலே பட்டாசுக்கு அழுகை வந்தது. அப்பா பாடாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி ஒத்திகை. எல்லோரும் கூடியதும் பட்டாசு தம்பியிடம் கேட்டாள்.

"ஷூவைத் தேடினியாடா?"

"தேடல."

"ஏன்?"

"அப்பாதான் வேணாம்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"நேத்துப் பாட்டுல. 'தேடாதே'ன்னு சொல்லிட்டு நிறுத்துனாரு. சித்தப்பாவும் டம் டம்முனு அடிச்சாரு."

பட்டாசு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு உறைத்தது.

"அப்பா, 'தேடாதே இருந்தேன்'னா என்ன அர்த்தம்?"

"தேடாம இருந்தேன்னு அர்த்தம். அந்தக் காலத்துத் தமிழ் அது. நான் தேடவே இல்ல, நீயாவே வந்து என்னைக் கண்டுபிடிச்சியேன்னு அந்த ஞானி பாடுறாரு."

"ஆனா நீங்க 'தேடாதே'ன்னு நிறுத்துனா அதட்டுற மாதிரி இருக்கேப்பா. 'பாடாதே'ன்னு நிறுத்துனா, பாட வேணாம்னு நீங்களே சொல்ற மாதிரி ஆயிடுது. அதான் அன்னைக்குச் சிரிச்சாங்க. நிறுத்தாம 'இருந்தேன்'ங்கிறதையும் சேர்த்துப் பாடுங்க."

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தபேலாவைப் பார்த்தார். அந்த இடத்து முழக்கம்தான் அவருக்கு உயிர்.

"அதை எடுத்துட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்றார். அவருடைய முகம் வாடிவிட்டது.

பட்டாசுக்குப் பாவமாக இருந்தது. "எடுக்க வேணாம் சித்தப்பா. வரி முழுசா முடிஞ்சதும் வாசிங்க. அங்க அப்பா மூச்சு வாங்கணும்ல? ரெண்டு மடங்கு வாசிக்கலாம்."

"ரெண்டு மடங்கா?" சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கரும்பு தின்னக் கூலியா? வாசிக்கிறேன்."

அம்மா ஆர்மோனியத்தின் துருத்தியைத் திறந்தாள்.

சனிக்கிழமை அரங்கில் ஒரு நாற்காலிகூடக் காலியாக இல்லை. அப்பா பாட்டு நோட்டைப் பிரித்தார். முதல் வரி நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது வரி வந்தது.

"பாடாதே..."

பழக்க தோஷம், சித்தப்பாவின் வலது கை மேலே எழுந்துவிட்டது. பட்டாசுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இடைவெளியே விடாமல் அவள் ஓங்கிக் கைதட்டித் தாளம் போட்டாள். சித்தப்பாவின் கை அந்தரத்திலேயே நின்றது.

"...இருந்தேன், நீ பாட வைத்தாய் என்னை."

அதற்குப் பிறகு முழங்கியது தபேலா, இரண்டு மடங்கு. யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, யாரும் கேட்காமலே அந்த வரியை மறுபடியும் பாடினார். மூன்றாவது முறை பாடியபோது பட்டாசோடு சேர்ந்து அரங்கமே தாளம் தட்டியது.

நிகழ்ச்சி முடிந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்தார்கள். அப்பா நோட்டைப் பட்டாசின் கையில் கொடுத்தார். "அடுத்த பாட்டுக்கு எங்கெங்க நிறுத்தணும்னு நீயே குறிச்சுக் குடு" என்றார். அடுத்த பாட்டு என்று அவர் சொன்னதே பட்டாசுக்குப் போதும்.

சித்தப்பா தபேலாப் பையை உதறினார். உள்ளேயிருந்து ஒரு சின்ன ஷூ தொப்பென்று விழுந்தது.

"இது எப்படி இதுக்குள்ள வந்துச்சு?" என்றார் சித்தப்பா.

குட்டி இடது கால் செருப்பைக் கழற்றிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டான். ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் செருப்புமாக அக்காவின் முன்னால் வந்து நின்றான்.

"பாத்தியா? நான் தேடவே இல்ல. அதுவா என்னைத் தேடி வந்துடுச்சு."