திக்காமல் நடந்தவள்

சத்தம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. படம்தான் நின்றுபோயிருந்தது.

ஆசாரி ஊசியை எடுக்கிறார், மாமன் மடியில் கனிஷ்கா வாயைத் திறக்கிறாள், அதோடு சரி. திறந்த வாய் திறந்தபடியே நிற்க, அவள் வீறிட்டு, தேம்பி, மிட்டாய்க்குச் சமாதானமாகி, மூக்கை உறிஞ்சுவதுவரை எல்லாம் ஸ்பீக்கரில் கேட்டு முடிந்துவிட்டது. பிறகு படம் திடீரென்று நினைவு வந்ததுபோல் நாலு தாவு தாவி, மறுபடி நின்றது. மனோஜ்குமார் மவுஸால் மேசையை ஒரு குத்துக் குத்தினான்.

மதுக்கரையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னலைத் திறந்தால் சிமென்ட் ஆலைத் தூசி சோற்றில்கூடப் படியும் என்று எல்லாவற்றையும் சாத்தி வைத்திருந்ததில், அறைக்குள் கம்ப்யூட்டரின் சூடும், ஹாலில் தூங்கும் குழந்தையின் காதுக்குத் தடவிய மஞ்சள் எண்ணெயின் வாசமும், மதியம் தாளித்த குழம்பின் மிச்ச நெடியும் ஒன்றாகக் கலந்து கனத்துக் கிடந்தன. மின்விசிறி இருந்த காற்றையே சுற்றிச் சுற்றிக் கொடுத்தது.

எல்லாம் அவனே தேடிக்கொண்ட வினை. "ஆள் வெச்சு எடுத்தா ஆல்பம் வர்றதுக்குள்ள புள்ளைக்குக் கல்யாணமே ஆயிரும், நானே எடுத்துக்கறேன்" என்று, தன் கையே தனக்குதவியென்று பெரிய பேச்சுப் பேசி, போனிலேயே காதுகுத்து முழுவதையும் எடுத்திருந்தான். இப்போது, குழந்தைக்கு மடி கொடுத்த மாமனான மச்சினன் தீபக் தினமும் போன் போட்டு, "மாமா, வீடியோ வந்துருச்சுங்களா?" என்று சிரிக்கிறான். அந்தச் சிரிப்புத்தான் மனோஜுக்குத் தாங்கவில்லை.

கனிஷ்காவுக்குக் காது குத்தியதிலிருந்தே சுரம் விட்டு விட்டு அடித்தது. காந்திபுரம் கிளம்பும்போது மனைவி கோகிலவாணி வாசலில் நின்று இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"ஏனுங்க, அந்தப் பொட்டிக்குள்ளயே கெடக்காதீங்க. புள்ளையத் தொட்டுத் தொட்டுப் பாருங்க. நா விளக்கு வெக்கறதுக்குள்ள வந்துருவேன்."

"செரி செரி, நீ போ" என்றவன் அப்போதிருந்து இந்த நாற்காலியை விட்டு எழவில்லை.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தான். வேறு எதுவும் திறந்திருக்காமல் மூடிப் பார்த்தான். சேர்ந்துகிடந்த தற்காலிகக் கோப்புகளை அழித்தான். பொங்கல் வைத்தது, பந்தி, பெரியவர்கள் திருநீறு பூசியது எல்லாம் தண்ணீராக ஓடின. காது குத்தும் அந்த ஒரு துண்டு மட்டும் திக்கியது. குனியமுத்தூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அப்துல் மஜீதைக் கூப்பிட்டான்.

"பாய், நானும் எல்லாத்தையும் பண்ணிப்போட்டேனுங்க. அது ஒண்ணு மட்டும் திக்குதுங்க."

"போன்ல எடுத்ததுன்னா அப்படித்தானுங்க. ப்ளேபேக் குவாலிட்டியக் கால்வாசிக்கு எறக்கிப் பாருங்க. அதுக்கும் மசியலீன்னா ப்ராக்ஸி போட்டுருங்க. சின்ன சைஸுல ஒரு காப்பிங்க அது, அத வெச்சு வேல செஞ்சா வெண்ணெயாட்ட ஓடும்."

கால்வாசிக்கு இறக்கினான். முகங்கள் மசமசவென்று கலங்கின. திக்கல் மட்டும் அப்படியே இருந்தது. ஆசாரியின் கை நின்றது. தீபக்கின் பல் வெளுத்து நின்றது. கனிஷ்காவின் கண்ணீர் கன்னத்தில் பாதியில் நின்றது. பின்னால் பனைமரத்தடியில் பச்சைப் பாவாடை கட்டிய ஒரு சிறுமி மட்டும் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

மனோஜ் கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்னால் நகர்த்தி மறுபடி ஓடவிட்டான். மறுபடி எல்லாரும் நின்றார்கள். அவள் நடந்தாள். பாவாடையின் ஓரம் காலில் தட்டித் தட்டி ஆடியது, முள்ளைப் பார்த்து ஒதுங்கி அடுத்த அடியை வைத்தாள், திக்கவேயில்லை.

படம் நின்றால் அதற்குள் இருக்கிற எல்லாரும்தானே நிற்க வேண்டும். இதென்ன கண்றாவி என்று எரிச்சல்தான் முதலில் வந்தது. கிராபிக்ஸ் கார்டு கோளாறாகத்தான் இருக்கும் என்று அதன் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தான். அது முடிந்து மறுபடி ஓடவிட்டபோது திக்கல் ஓரளவு குறைந்திருந்தது. அவள் இப்போது பனைமரத்தடியில் இல்லை. கூட்டத்துக்குள், பெரியவர்களின் இடுப்புக்கு நடுவே, பச்சையாக வந்து நின்றிருந்தாள்.

சென்னிமலையில் இருக்கும் அக்கா மோகனப்பிரியாவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, காதுகுத்துக்குப் பச்சப் பாவாட போட்டுட்டு வந்த புள்ள யாருங்க்கா?"

"அங்க வந்த பொட்டப்புள்ள உம்பட கனிஷ்கா ஒருத்திதானே கண்ணு. எங்கூட்டுல ரெண்டும் பசங்க." அக்கா கொஞ்சம் யோசித்தாள். "பச்சப் பாவாட, நம்மூட்டுக் கன்னிக்குப் படைக்கறதுக்கு நா எடுத்தாந்தேனே, அதைக் கேக்கறயா?"

கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்பிள்ளை அந்த வீட்டுக்குக் கன்னி. வீட்டில் எந்த நல்ல காரியமானாலும் முதலில் அவளுக்குப் புதுப் பாவாடை வைத்து, கற்பூரம் கொளுத்தி, பேர் சொல்லி "நீ முன்ன வா" என்று கூப்பிட வேண்டும். அப்புறம்தான் மற்றதெல்லாம். அவர்கள் வீட்டுக் கன்னி நாச்சியம்மாள், அப்பாவின் அக்கா. அன்றைக்கு அவளைக் கூப்பிடவில்லை. வெயில் ஏறினால் முகமெல்லாம் வெளுத்துவிடும், படம் கெட்டுப்போகும் என்று அவசரப்படுத்தி, முதலில் காதைக் குத்தச் சொன்னவன் அவன்தான். படையலைச் சாப்பாட்டுக்கு முன்னால் பேருக்குப் போட்டார்கள்.

"நா அப்பவே சொன்னேன், நீ கேக்கலை" என்றாள் அக்கா. குரல் தழைந்துவிட்டது. "அவளுக்குக் காது குத்த நாள் குறிச்சிருந்தாங்களாமா சாமி. அதுக்குள்ள அம்மை போட்டுப் போயிட்டாளாமா. மாமன் மடியில உக்காராமயே போயிட்டா. அவளக் கூப்புடாம உம்புள்ளைய..."

"சும்மா இருங்க்கா. இது கார்டு பிரச்சன" என்று போனை வைத்துவிட்டான்.

ஹாலுக்குப் போனான். கனிஷ்கா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நெற்றி கொதித்தது. மூச்சு சீராக வந்தது. போர்வையை இழுத்து விட்டு, கொஞ்ச நேரம் அவள் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பயப்பட இதில் ஒன்றுமில்லை என்று தனக்கே சத்தமாகச் சொல்லிக்கொண்டான். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் குழந்தையோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கோபம் விடவில்லை. ஒரு பாழாய்ப்போன வீடியோ தன்னை இப்படி ஆட்டிவைப்பதா என்று போய், மஜீத் சொன்ன ப்ராக்ஸியைப் போட்டான். பச்சைக் கோடு மெல்ல நிரம்பி முடிந்தது. ஓடவிட்டான்.

வெண்ணெயாக ஓடியது. திக்கல் இல்லை. ஆசாரி சிரித்தபடி ஊசியைத் துடைத்தார், யாரோ வெற்றிலையை மடித்து வாயில் போட்டார்கள், வேப்பிலை காற்றில் அசைந்தது. கனிஷ்கா மட்டும்தான் இப்போது திக்கினாள். வாய் திறந்திருந்தது. பிறகு மூடியிருந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

பச்சைப் பாவாடைக்காரி கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. கனிஷ்காவின் கையைப் பிடித்தாள். மடியிலிருந்து இறக்கினாள். தீபக் சிரித்துக்கொண்டேயிருந்தான். அவள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, ஆசாரியிடம் காதைக் காட்டினாள்.

ஊசி போனது. அவள் அழவில்லை.

மனோஜ் நிறுத்தப் பொத்தானை அழுத்தினான். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினான். நிற்கவில்லை.

தூரத்தில், பனைமரத்தடியில், கனிஷ்கா. தனியாக. கூட்டம் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றது. அவள் இவனைத்தான் பார்த்தாள்.

"அப்பா."

சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. அன்றைக்கு அவள் அப்படிக் கூப்பிடவேயில்லை.

ஹாலில் கொலுசு ஒலித்தது. ஒரு தரம். அப்புறம் வெறும் அமைதி. அப்புறம் அதே கொலுசு, கதவுக்குப் பக்கத்தில். நடந்து வந்த சத்தம் இல்லை.

திரும்பினான். கதவு நிலையில் குழந்தை நின்றிருந்தாள், கை காதில். அடுத்து கை தொடையில். நடுவில் கை எங்கேயும் இல்லை. நிலையில் இருந்தாள். மின்விசிறிக்குக் கீழே இருந்தாள். இரண்டு காதிலும் புது ரத்தம். முகம் கனிஷ்காவின் முகம்தான். சிரிப்பு இல்லாத முகம். அடுத்த நொடி அதே முகத்தில் சிரிப்பு.

"கண்ணு" என்றான்.

கம்ப்யூட்டர் திரை வெளுத்தது. படம் உறைந்தது. நடுவில் ஒரு சின்னப் பெட்டி: புரோகிராம் வேலை செய்யவில்லை. மூடவா, காத்திருக்கவா?

பெட்டிக்குப் பின்னால், உறைந்த கூட்டத்துக்கும் பனைமரத்துக்கும் முன்னால், கனிஷ்கா ஓடி வந்துவிட்டிருந்தாள். திரை நிறைய அவள் முகம். இரண்டு உள்ளங்கையும் கண்ணாடியில் அப்பியிருந்தன. அவள் மட்டும் உறையவில்லை. தட்டினாள். சத்தம் வரவில்லை. தட்டிக்கொண்டேயிருந்தாள்.

மனோஜ் மவுஸை இறுகப் பிடித்தான். காத்திருக்க வேண்டும். மூடக் கூடாது. எதுவானாலும் மூடக் கூடாது. அம்புக்குறியைக் 'காத்திரு' மேல் கொண்டுபோய் வைத்தான்.

அவன் கையின் மேல் ஒரு சின்னக் கை இருந்தது. வந்ததை அவன் பார்க்கவில்லை. கிணற்றுத் தண்ணீரின் குளிர்.

அது தள்ளியது. அம்புக்குறி ஒரு தாவு தாவி நின்றது. இன்னொரு தாவு. கண்ணாடிக்குள் அவன் மகள் தலையை ஆட்டி ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று தட்டினாள்.

இன்னொரு தாவு.

'மூடு' என்ற சொல்லின் மேல் அம்புக்குறி நின்றது. அவன் விரலின் மேல் சின்ன விரல் அழுந்தியது.