நாடகப் பெட்டியின் வாசனை

ஆவுடைத்தங்கம் படப்பிடிப்புத் தளத்துக்குள் நுழைந்ததும் வழக்கம்போல முதலில் எடுப்பறைக்குத்தான் போனாள். பல் டாக்டரிடம் இருப்பது போன்ற ஒரு நாற்காலி, அதன் தலைமாட்டில் தொங்கும் நெற்றிப்பட்டை, பக்கத்தில் ஃபிளாஸ்கில் காபி. அங்கே வேலை பார்க்கும் ஜெபா பட்டையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னைக்கு எதைக் குடுக்கப் போறீங்க, தங்கம்மா?"

"செத்துப்போன மகனைப் பாத்து அழணும்னு டைரக்டர் சொன்னாரு. என் தம்பி செத்தது அப்படியே இருக்கு. அதை எடுத்துக்கோ."

"தம்பி எப்படி? பீடி குடிப்பாரா? உங்க அப்பா சாவை எடுத்தப்ப தியேட்டர் முழுக்க பீடி நாத்தம்னு புகார் வந்துச்சு."

"அவன் வெத்தலை. வாசனையாத்தான் இருக்கும், பயப்படாதே."

இருவரும் சிரித்தார்கள். உணர்வை எடுக்கும்போது அதோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் வாசனையும் வந்துவிடும். அதை மட்டும் எந்தப் பொறியாளராலும் பிரிக்க முடியவில்லை.

திரையில் தெரிவது கதாநாயகனின் முகம். அரங்கில் ஒவ்வொருவர் நெற்றியிலும் ஒரு பட்டை. கதாநாயகன் கலங்கினால் பார்ப்பவர் நெஞ்சிலும் அந்தக் கலக்கம் இறங்கும். ஆனால் அது அவனுடையதல்ல. நட்சத்திரங்களின் மனதைத் தொடக்கூடாது என்று அவர்களுடைய ஒப்பந்தத்திலேயே இருந்தது. அம்மா, அத்தை, சமையல்காரி என்று பக்கத்தில் நிற்பவர்களிடமிருந்துதான் எடுப்பார்கள். எடுத்தது எடுத்ததுதான். நடந்தது நினைவில் நிற்கும், அதன் வலியோ சுகமோ கொடுத்தவருக்கு மிஞ்சாது. இதை வெளியில் சொன்னால் சிறை என்று ஆவுடைத்தங்கத்தின் ஒப்பந்தம் சொன்னது.

பத்தொன்பது வயதில், கட்டைக்குரல் என்பதற்காகவே நாடக சபாவில் அறுபது வயதுத் தாயாக மேடையேறியவள் அவள். மேடையில் யாரும் எதையும் எடுத்ததில்லை. சினிமாவுக்கு வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகப் போனது. முதலில் அப்பாவின் சாவு. பிறகு புருஷன் விட்டுப்போன அன்றைய அவமானம். ஒரு பேய்ப் படத்துக்காக மேடை பயம்கூடப் போயிற்று. ஒன்றை மட்டும் அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. மகள் நிறைமதி.

அன்று காலை காரில் வரும்போதுதான் மகள் பேசியிருந்தாள். எட்டு மாதக் கோபத்துக்குப் பிறகு வந்த அழைப்பு.

"படம் வெளியாகும்போது வர்றேம்மா. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நடிக்காம என்கூட இருப்பியா?"

"நான் உன்கிட்ட எப்போடி நடிச்சேன்?"

"சின்ன வயசுலேர்ந்து. நீ ஊர் ஊராப் போயிட்டு வந்து கட்டிப்பிடிப்பே. அது நிஜமா, இல்ல நேத்து ராத்திரி நாடகத்தோட மிச்சமான்னு எனக்குத் தெரியாது. இப்பவும் தெரியல."

"வா. நடிக்க மாட்டேன். சத்தியம்."

அந்தச் சத்தியத்தை நினைத்துக்கொண்டேதான் அவள் தளத்துக்குப் போனாள். நெற்றியில் ஜெபா கட்டிவிட்ட பட்டை. எதிரே பாடையில் கதாநாயகன் கண்ணை மூடிக்கொண்டு சூயிங்கம் மென்றுகொண்டிருந்தான். இயக்குநருக்கு அன்று புதிதாக ஓர் ஆசை வந்திருந்தது.

"அம்மா, நீங்க நாடகத்துல வர்ற மாதிரி வாங்க. அந்தத் திரைக்குப் பின்னாலேர்ந்து."

கறுப்புத் திரைக்குப் பின்னால் போய் நின்றாள். உள்ளே இருட்டு. வெளியே விளக்கு. கை தானாகத் திரையின் ஓரத்தைப் பற்றியது.

நாற்பது வருடப் பழக்கம். நிறைமதி கைக்குழந்தையாக இருந்தபோது அவளை உடுப்புப் பெட்டிக்குள் பட்டுச் சேலைகளின் மேல் படுக்கவைத்துவிட்டுத்தான் மேடைக்குப் போவாள். போவதற்கு முன் திரையைப் பிடித்தபடி பெட்டிப் பக்கம் திரும்பி, "சில்லு" என்று ஒருதரம் கூப்பிடுவாள். உள்ளிருந்து சிணுங்கல் கேட்கும். அப்புறம்தான் கால் நகரும். குழந்தை வளர்ந்து, பெட்டியும் துருப்பிடித்துப் போன பிறகும், அந்தச் செல்லப் பெயரைச் சொல்லாமல் அவள் எந்த மேடையும் ஏறியதில்லை.

"ஆக்‌ஷன்!"

உதடு அசைந்தது. சில்லு.

முதல் மூச்சில் மனதில் மேலே வருவதைத்தான் பட்டை எடுக்கும்.

காட்சி முடிந்ததும் தளமே கைதட்டியது. இயக்குநர் ஓடிவந்து காலில் விழுந்தார். "தெய்வம்மா நீங்க! பட்டையோட மானி ஏறின ஏத்தத்துல ஊசியே உடைஞ்சிருக்கும்!" ஜெபா மட்டும் கிட்டே வரவில்லை. கூட்டம் கலைந்த பிறகு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"தங்கம்மா... வெத்தலை வாசனை வரல. ரசகற்பூர வாசனை வந்துச்சு. துணிப்பெட்டியில போடுவாங்களே, அந்த வெள்ளை உருண்டை. பூச்சி உருண்டை."

ஆவுடைத்தங்கம் கைப்பேசியை எடுத்து மகளின் படத்தைப் பார்த்தாள். நல்ல லட்சணமான பெண். மூக்கு தன்னுடைய மூக்கு. பக்கத்து வீட்டுக்காரர்கள் காட்டும் படத்தைப் பார்ப்பது போல இருந்தது.

"திருப்பி வைக்க முடியுமா?"

"முடியாதும்மா." ஜெபாதான் அழுதாள். "நீங்க ஏன் அழ மாட்டேங்கறீங்க?"

"எதுக்கு அழணும்னு தெரியலியே, ஜெபா."

மூன்று மாதம் கழித்துப் படம் வெளியானது. சொன்னபடி நிறைமதி வந்தாள். அரங்கில் அம்மாவின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பட்டையைக் கட்டிக்கொண்டாள். ஆவுடைத்தங்கம் கட்டிக்கொள்ளவில்லை. உணர்வைக் கொடுத்தவர்களுக்கு அது மறுபடி ஏறாது.

அந்தக் காட்சி வந்தது. எண்ணூறு பேர் ஒரே நேரத்தில் விம்மினார்கள். முன்வரிசைக் கிழவர் ஒருவர் வாய்விட்டு அழுதார். யார் யாரோ, பேர் தெரியாதவர்கள், அவளுடைய மகள் மேல் அவள் வைத்திருந்த பாசத்தை நெஞ்சில் தாங்க முடியாமல் தவித்தார்கள். ஆவுடைத்தங்கம் அவர்களைச் சுற்றிப் பார்த்தாள். நல்ல வரவேற்பு என்று தோன்றியது.

நிறைமதி மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். பட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"இது பெட்டி வாசனை. நான் படுத்திருந்த பெட்டி. அம்மா, இது நான்தானே? எல்லாமே நான்தானே?"

"ஆமா."

"இவ்வளவு இருந்துச்சாம்மா? நாற்பது வருஷமா ஒரு நாள்கூடத் தெரியலியே எனக்கு! பாவி நான், உன்னைப் போய் நடிக்கிறதா சொன்னேனே!"

அவள் அம்மாவின் தோளில் விழுந்து குலுங்கினாள். செய்த சத்தியம் ஆவுடைத்தங்கத்துக்கு ஞாபகம் இருந்தது. உண்மையைச் சொல்வதா என்று ஒரு கணம் யோசித்தாள். ஆனால் இந்த இடத்தில் ஒரு தாய் என்ன செய்வாள் என்பது அவளுக்கு அத்துப்படி. மகள் தோளில் சாய்ந்ததும் உடனே தொடக்கூடாது. மூன்று எண்ண வேண்டும். அப்போதுதான் சபை கலங்கும்.

எண்ணினாள். பிறகு கையைத் தூக்கி மகளின் தலையில் வைத்தாள். விரல்கள் வேண்டிய அளவுக்கு நடுங்கின.

"சில்லு," என்றாள், குரலைப் பாதியில் உடைத்து.

"இன்னைக்குத்தாம்மா," என்றாள் நிறைமதி அழுகையினூடே, "இன்னைக்குத்தான் நீ நடிக்கல."