சந்திராஷ்டமத்தில் ஒரு நுரையீரல்

பேத்திக்காக உயிரையே கொடுக்கக்கூடியவர் தட்சிணாமூர்த்தி. சேலையூர் கேம்ப் ரோட்டில் டீக்கடை தொடங்கிக் கல்யாண மண்டபம் வரை இதை அறியாதவர் கிடையாது, அவரே சொல்லியிருந்தார். வீட்டுக்குள் சிகரெட் பிடிக்காமல் இருக்க முடியுமா என்று டாக்டர் கேட்டபோதுதான், யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

ஒன்பது வயது சின்மயியின் நுரையீரல் இரண்டும் கெட்டுப்போனதற்கு அவள் அம்மா கீதாவே காரணம் என்பது குடும்பத்தின் ஏகமனதான தீர்ப்பு. "எங்க வம்சத்துல யாருக்கும் இளைப்பே கெடையாது!" என்று மாமியார் கங்கையம்மாள் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் மாமனார் தட்சிணாமூர்த்தி இருமிக்கொண்டிருப்பார். கீதா பதில் பேசியதில்லை. அவருக்கு வெந்நீர் கொண்டுவந்து வைப்பாள்.

மாற்று நுரையீரலுக்காக ஒரு மாதமாக மகளோடு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். அன்று காலை டாக்டர் ஜென்சி ஓடி வந்தார்.

"வந்துடுச்சும்மா! ஐஸ்ல வந்தது. இப்ப கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சு மெஷின் காத்து குடுக்குது... தனியா மூச்சு விடுது! ஒழுங்கா வேலை செய்யுதான்னு சில மணி நேரம் பாப்போம். பாஸானா, கொழந்த நெஞ்சுக்கு ஏத்த மாதிரி ஓரத்தை வெட்டிக் கொறைச்சு வெச்சிடலாம். கையெழுத்து மட்டும் போடுங்க."

கீதாவின் கணவன் உதயா பேனாவை எடுத்தான். அப்போதுதான் மனைவியுடன் ஆட்டோவில் வந்திறங்கிய தட்சிணாமூர்த்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருடா! கொழந்தைக்கு இன்னிக்குச் சந்திராஷ்டமம். காலண்டரை போட்டோவே புடிச்சிகினு வந்துகீறேன்." பிறகு டாக்டரிடம் பெருந்தன்மையோடு திரும்பினார். "மெஷின்லதான் ஜம்முனு மூச்சு விடுதே டாக்டர்... நாளைக்குக் காலைல வரைக்கும் அங்கயே விடட்டும். கரண்டு செலவு நான் தரேன்."

"அது ஃப்ரிட்ஜ் இல்ல சார், பரீட்சை ஹால். பாஸானவனை மறுநாள் வரைக்கும் பெஞ்சுலயே உக்கார வெச்சா மயங்கி விழுவான். நீங்க வேணாம்னா சொல்லிடுங்க... வேற கொழந்தைக்குப் போயிடும்."

உதயா டாக்டரைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். "அப்பா சொல்றதுலயும் ஒரு..."

"ஒரு மண்ணும் இல்லைங்க!"

சொன்னது கீதா. எல்லோரும் அவளுக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்கள்.

"மாமா... எங்கயோ ஒரு தாய், பெத்த புள்ளைய வாரிக் குடுத்துட்டு, அந்த அழுகைலயும் இதுக்குச் சம்மதம் சொல்லியிருக்கா! அவ நாள் பாத்தா சொன்னா? கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து உங்க புகைய இழுத்துக்கிட்டிருக்கேன்... ஒரு வார்த்தை சொன்னேனா? இப்ப சொல்றேன். கைய எடுங்க!"

கங்கையம்மாள் வாயைத் திறந்தாள். கீதா தொலைந்தாள் என்று உதயா கண்ணை மூடிக்கொண்டான்.

"அதான் சொல்றாளே... கைய எடுய்யா!" என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள் கங்கையம்மாள்.

எடுத்தார். பேனாவைக் கீதாவே வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

பிற்பகலில் நுரையீரல் பாஸாகிவிட்டது என்று செய்தி வந்தது. ஆபரேஷன் முடிந்து, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சின்மயியின் சின்ன நெஞ்சு ஏறி இறங்கியதைப் பார்த்ததும் மாமியார் மருமகளைக் கட்டிக்கொண்டாள். "எம்பொண்ணே... உன்ன எவ்ளோ பேஜார் பண்ணிட்டேன்!" என்று அழுத அழுகையில் செக்யூரிட்டி வந்து அதட்டிவிட்டுப் போனார்.

சில நாளில் குழந்தை தானாகவே மூச்சு விட்டாள். தட்சிணாமூர்த்திக்கும் மூச்சு வந்தது. "சந்திராஷ்டமத்தையே ஜெயிச்சிட்டா! எங்க வம்சமாச்சே!" என்று, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் போனில் காலண்டர் படத்தைக் காட்டினார். கீதாவிடமும் நீட்டினார். அவள் உற்றுப் பார்த்தாள். அவருக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள்.

படத்தில் இருந்தது போன மாதத் தேதி. அந்த வீட்டில் தினமும் காலண்டர் தாளைக் கிழிப்பவள் கீதா. அவள் ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து யாரும் கிழிக்கவில்லை.